சின்னத் தட்டைக் கேளுங்கள்

உடற்பயிற்சியைப் பற்றி மாணவர் இதழில் எழுதப் புகுவோர், உடல்நலத்தின் உயர்வை ஒரு பக்கம் போற்றி, இளைஞரின் சோம்பலை மறுபக்கம் தூற்றி, "இன்றே தொடங்குக!" என்று முழங்கி முடிப்பது வழக்கம். நான் அந்த வழியில் செல்லப் போவதில்லை. பயிற்சி வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இல்லை. வளர்ந்தவர் ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நம்மிடம் ஆர்வத்துக்கும் குறைவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியதும், எனக்குத் தெரிந்தே நான்கு அறைகளில் பளு தூக்கும் கருவிகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஆகவே, "தூக்கலாமா?" என்பதல்ல நம்முன் உள்ள கேள்வி. "எதை வாங்கித் தூக்குவது?" என்பதே கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரரிடம், "மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேட்காதீர்கள். "இருப்பதிலேயே சின்னத் தட்டு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னர்தான்.

இப்படி அறிவுரை கூற இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பரிசுக் கோப்பை ஒன்றும் என்னிடம் இல்லை. பிழை செய்தவன் என்ற தகுதிதான் இருக்கிறது.

2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் சத்தியவேட்டில், ஒரு மாடி அறையில் நானும் நண்பர் ஒருவரும் குடியிருந்தோம். அவர் மதுரைப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்தவர். தெலுங்கு ஒரு சொல்லும் அறியாதவர். நான் வேலூர்க்காரன், எல்லை ஊரான். சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத் தெலுங்கு பேசுவேன். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் குனிந்து நின்று முதுகு வலிக்கிறது என்று இருவரும் பேசிப் பேசி, ஒருநாள் கைப்பேசியில் பார்த்து, "50 கிலோ செட்" ஒன்றை வரவழைத்தோம். பாதிப் பணம் என் தந்தையார் புத்தகத்துக்காக அனுப்பியது. அதை இங்கே ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

பெட்டியைப் பிரித்தோம். ஐந்தடி ராடு ஒன்று. பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டு அடைத்த தட்டுகள்: பத்துக் கிலோ இரண்டு, ஐந்து கிலோ நான்கு, மூன்று கிலோ இரண்டு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதை நாங்கள் குறையாகவே நினைக்கவில்லை. "ஐம்பது கிலோ!" என்ற எண்ணே எங்கள் கண்ணை நிறைத்துவிட்டது.

நண்பர் நின்றபடி தலைக்குமேல் தூக்கும் பயிற்சியை விரும்பிச் செய்தார். ராடு மூன்று கிலோ, பக்கத்துக்குப் பத்துக் கிலோ, ஆக 23 கிலோ. இரண்டு வாரத்தில் அதை எட்டு முறை தூக்கப் பழகிவிட்டார். "ஒரு கிலோ கூட்டிப் பார்க்கலாமா?" என்றார். ஒரு கிலோவுக்கு எங்களிடம் வழி ஏது? பக்கத்துக்கு ஒரு மூன்று கிலோத் தட்டை நான்தான் மாட்டினேன். 29 ஆயிற்று. "ஆண்பிள்ளைக்கு இது ஒரு பாரமா?" என்று சொன்னவனும் நான்தான். அவர் கேட்டது ஒரு கிலோ; நான் ஏற்றியது ஆறு.

மூன்றாவது முறை தூக்கும்போது அவருடைய இடக்கை தாழ்ந்தது. ராடு சாய்ந்தது. ஸ்பிரிங் கிளிப்பு வழுக்கியது. இடப்பக்கத் தட்டுகள் இரண்டும் கழன்று விழ, வலப்பக்கத்துப் பாரம் ராடை மறுபுறம் கவிழ்த்துவிட்டது. தரையில் இரண்டு ஓடுகள் பிளந்தன. அது போகட்டும். நண்பரின் வலக்காலில் இரண்டு விரல் எலும்புகள் முறிந்தன. அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வை அவர் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு செய்து முடித்தார்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மையார் ஓடி வந்து, "ஏம் பாபு, இல்லு கூலிபோத்துந்தா?" என்றார். வீடு இடிந்துவிடுமா என்று கேட்டது அவர். வலியில் துடித்துக்கொண்டிருந்த நண்பரோ, "இந்த நேரத்திலா கூலி கேட்கிறார்?" என்று என்னைப் பார்த்தார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால், மாதக் கடைசியில் ஓடு பதித்த கூலியை அந்த அம்மையார் முன்பணத்தில் கழித்துக்கொண்டபோது, நண்பரின் மொழிபெயர்ப்பு சரியாகத்தான் போயிற்று.

காலில் கட்டோடு அவர் படுத்திருந்த நாட்களில் நான் கணக்குப் போட்டேன். அறிவியல் மாணவன் முன்னமே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. 23இலிருந்து 29க்குத் தாவுவது நூற்றுக்கு இருபத்தாறு பங்கு ஏற்றம். இதன் பொருளை உணர எங்கள் வேலூரிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோப் பிரிவில் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்டில் மீண்டும் வென்றார். கிளாஸ்கோவில் அவர் ஸ்னாட்ச் முறையில் தூக்கியது 149 கிலோ. கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 179 கிலோ. 149 என்ற அந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். 150 அல்ல, 149. உலகத்தின் முன்னே நிற்கும் வீரனும் ஒவ்வொரு கிலோவாக எண்ணித்தான் ஏறுகிறான். அவரிடம் போய், "149 தூக்கிவிட்டாய் அல்லவா? அடுத்த முறை 188 தூக்கு" என்று எவரேனும் சொன்னால் நாம் அவரை என்னவென்று நினைப்போம்? என் நண்பரிடம் நான் சொன்னது அதே விகிதம்தான்.

முன்பு பன்னாட்டுப் போட்டிகளில் பளுவை இரண்டரைக் கிலோவின் மடங்காகத்தான் உயர்த்துவர். 2005 முதல் ஒரு கிலோ உயர்த்தினாலும் போதும் என்று விதி மாறியது. போட்டி மேடையில் அடுக்கிவைத்திருக்கும் தட்டுகளில் 25 கிலோச் சிவப்புத் தட்டுதான் நம் கண்ணில் படுகிறது. அரைக் கிலோத் தட்டும் அங்கே இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

"நம் முன்னோர் இளவட்டக்கல் தூக்கினார்களே, அவர்கள் அரைக் கிலோவா கூட்டினார்கள்?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. பொங்கலில் இன்றும் தூக்குகிறார்கள். பிடிக்க இடமில்லாத உருண்டைக் கல். நூறு கிலோவை நெருங்கும் கற்களும் உண்டு. அதை மார்புக்கு ஏற்றித் தோளுக்கு ஏற்றிப் பின்னால் எறிபவனே இளவட்டம். ஆனால், அந்தக் கல் பயிற்சிக்கருவி அன்று, தேர்வுத்தாள். தேறினான், தேறவில்லை என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்தத் தேர்வுக்கு அவன் எங்கே படித்தான்? ஏர் பிடித்தும், ஏற்றம் இறைத்தும், மூட்டை சுமந்தும், சின்னக் கல்லில் தொடங்கிப் பெரிய கல்லுக்குப் போயும், ஆண்டுக்கணக்கில் படிப்படியாகப் படித்தான். நாற்காலியில் அமர்ந்து நாள் கழிக்கும் நமக்கு அந்தப் படிகள் இல்லை. படிகளை நாம்தான் விலைகொடுத்து வாங்கவேண்டும். அந்தப் படிகளுக்குத்தான் சின்னத் தட்டு என்று பெயர்.

மருத்துவ உலகமும் இதை வழிமொழிந்திருக்கிறது. அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், போரில் காயமுற்று மெலிந்துபோன வீரர்களின் தசைகளை மீட்கப் பளுவைச் சிறிதுசிறிதாக உயர்த்தும் முறையைக் கையாண்டு 1945இல் எழுதினார். காயம்பட்ட காலையே தேற்றவல்ல முறையை விட்டுவிட்டு, நல்ல காலைக் காயப்படுத்தும் முறையை நான் கையாண்டேன். வேறுபாடு இரும்பில் இல்லை. ஏற்றும் அளவில் இருக்கிறது.

ஆகவே, வாங்கப் புகும் நண்பர்களே, வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒன்றேகால் கிலோத் தட்டு ஒரு ஜோடி, அரைக் கிலோத் தட்டு ஒரு ஜோடி வாங்குங்கள். ஒன்றேகால் ஜோடி இரண்டரைக் கிலோ ஏற்றம் தரும். அரைக் கிலோ ஜோடி ஒரு கிலோ ஏற்றம் தரும். கடையில் அரைக் கிலோ கிடைக்கவில்லையா? கடைசல் பட்டறைக்குப் போங்கள். பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகட்டில் ஒன்பதரை சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் 28 மில்லிமீட்டர் துளை போட்டால், அது ஏறத்தாழ அரைக் கிலோ நிற்கும். எஃகின் அடர்த்தி தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். எனக்கு இராணிப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மாமா வெட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, "முதலிலேயே கேட்டிருக்கலாமே, மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் கூலியைவிடக் கனமாக இருந்தது.

அடுத்தது தட்டுகளின் எடை. தட்டின்மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். எங்கள் ஐந்து கிலோத் தட்டுகளை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 4 கிலோ 600 கிராம். அதன் ஜோடி 5 கிலோ 150 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் வேறுபாடு! ராடின் இரு முனையிலும் இப்படி மாட்டிக்கொண்டு, "என் இடக்கை பலவீனம்" என்று வருந்துவதில் என்ன பொருள்? போட்டிக்குரிய 20 கிலோத் தட்டு 20 கிராமுக்கு மேல் கூடக் கூடாது, 10 கிராமுக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. அவ்வளவு நுணுக்கம் நமக்கு வேண்டாம். நான்கு தட்டுகளை எடைபோட்டு, நெருங்கிய எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்தாலே போதும். சிமெண்டுத் தட்டா, வார்ப்பிரும்புத் தட்டா என்றால் என் வாக்கு வார்ப்பிரும்புக்கே. வார்ப்பிரும்பின் அடர்த்தி கான்கிரீட்டைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. அதே எடைக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அடைத்துக்கொள்ளும். சிமெண்டுத் தட்டு விழுந்தால் உள்ளே நொறுங்கும்; உறைக்குள் நொறுங்கியது வெளியே தெரியாது; ஓட்டை வழியே எடை நாளும் உதிரும்.

மூன்றாவது ராடு. இங்கே ஏமாறுவது மிக எளிது. ஏமாற்றைக் கண்டுபிடிப்பதும் எளிது. 25 மில்லிமீட்டர் தடிப்பில் ஐந்தடி நீளமுள்ள கெட்டி எஃகு ராடு 5 கிலோ 900 கிராம் அளவில் இருக்கவேண்டும். எங்கள் ராடு மூன்று கிலோதான் இருந்தது. அப்படியானால் அது ராடு அன்று, குழாய். குழாய் என்றால் குழாய் என்று சொல்லி விற்கட்டும், அறிந்து வாங்குவோம். இன்னொன்று: ஒரே நீளமுள்ள இரு கெட்டி ராடுகளில் வளையாமல் நிற்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டரிலிருந்து 28க்குப் போனால், கண்ணுக்குத் தெரியாத மூன்று மில்லிமீட்டர்தான். விறைப்போ நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கு கூடுகிறது. போட்டியில் ஆடவர் தூக்கும் ராடு 20 கிலோ எடையும் 28 மில்லிமீட்டர் பிடியும் கொண்டதாக இருப்பது காரணமின்றி அன்று.

ராடோடு சேர்ந்தது பூட்டு. நெகிழ்ந்துபோன ஸ்பிரிங் கிளிப்பைவிட, திருகி இறுக்கும் நட்டு வீட்டுக்கு நல்லது. ஒவ்வொரு முறையும் தூக்குமுன் இரண்டு பக்கமும் கையால் தொட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது. எங்கள் வீட்டில் அன்று அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பெஞ்சு வாங்க ஆசைப்படுவோருக்கு ஒரு சொல். பெஞ்சுக்கு முன்னே, பக்கவாட்டில் தாங்குகம்பி உள்ள ஸ்டாண்டு வாங்குங்கள். தனியாக அறையில் மல்லாந்து படுத்து ராடை மார்புக்கு இறக்கி, ஏற்ற முடியாமல் போனால், கூப்பிட ஆள் இல்லை. தாங்குகம்பிதான் அந்த ஆள். அதற்குப் பணம் இல்லையென்றால் படுத்துத் தூக்கும் பயிற்சியை ஓராண்டு தள்ளிப்போடுங்கள், குடி முழுகிவிடாது. தரையிலிருந்து தூக்குவோர் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். போட்டித் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆகவே ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நம் வீட்டுத் தட்டுகள் சிறியவை. ராடு தாழ்ந்து கிடக்கும். முதுகு கூன வேண்டிவரும். இருபுறமும் தட்டுகளுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்திக்கொண்டால் செலவில்லாமல் தீர்ந்தது.

பல கயிறும் கப்பியும் வைத்து, "ஒரே கருவியில் முப்பது பயிற்சி" என்று விற்கும் இயந்திரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நகரும் கப்பி ஒன்று நடுவே இருந்தால், 40 கிலோ என்று எழுதியிருப்பது கைக்கு 20 கிலோவாகத்தான் வரும். பள்ளியில் படித்த பாடம்தான். படம் பார்த்து மயங்கும்போது மறந்துபோகிறது.

இனி, தரை. "மாடி தாங்குமா?" என்று அஞ்சி, பளு வாங்குவதையே சிலர் கைவிடுகிறார்கள். வேறு சிலர் அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல் ஓட்டை உடைக்கிறார்கள். வீட்டு அறைகளின் தளம் சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரம் தாங்கும்படி திட்டமிடவேண்டும் என்பது இந்தியக் கட்டட விதி. முறைப்படி கட்டிய வீட்டில் அறுபது கிலோ மனிதரும் அறுபது கிலோ இரும்பும் நிற்பதால் ஒன்றும் ஆகாது. நிற்கும் பாரம் வேறு. விழும் பாரம் வேறு. 50 கிலோ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிற்குமானால், அந்தக் கணத்தில் தரைமேல் விழும் சராசரி விசை ஏறத்தாழ 5,000 கிலோ எடைக்குச் சமம். தடித்த ரப்பர் விரிப்பு நான்கு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுக்குமானால் அது 1,300 ஆகக் குறைகிறது. எனவே ரப்பர் விரிப்பு ஆடம்பரம் அன்று. கீழ்வீட்டாரின் தூக்கத்துக்கு நாம் செலுத்தும் வரி அது. வேற்று ஊரில் வீடு பிடித்து வாழ்கிறோம். "தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தால் தொல்லை" என்ற பெயர் ஒருவரால் வந்தால், அடுத்த ஆண்டு வரும் பத்துப் பேருக்கு அறை கிடைக்காது.

இவ்வளவும் ஆண்களுக்கே எழுதியதாகச் சகோதரிகள் எண்ணிவிட வேண்டாம். உண்மையில் வீட்டுக் கருவி அவர்களுக்குத்தான் மிகுதியும் தேவை. ஆய்வுக்கூடம் முடிந்து இருட்டிய பிறகு வெளியே பயிற்சிக்கூடம் தேடிப் போவதற்கு ஆண்களுக்கு இருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆனால், கடையில் அவர்களுக்கென்று காட்டுவதோ இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய ஒரு கிலோ டம்பெல். நாம் வாழும் இந்த ஆந்திர மாநிலம் ஈன்ற கர்ணம் மல்லேஸ்வரி, சீகாகுளம் மாவட்டத்துப் பெண், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 110 கிலோவும் 130 கிலோவுமாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. பெண்களுக்கான போட்டி ராடு 15 கிலோ. பிடி 25 மில்லிமீட்டர். அளவு வேறு என்பது இரக்கத்தால் அன்று, கையின் அளவால். பொருத்தமான ராடும் சின்னத் தட்டும் அமைந்தால் ஒரு கிலோ டம்பெல்லோடு நிற்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. "உடம்பு ஆண்போல் ஆகிவிடும்" என்று அச்சுறுத்துவோர், இரண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் சுமந்த நம் பாட்டிமாரைப் பார்த்து அப்படிச் சொன்னதுண்டா?

தண்ணீர்க் குடம் என்றதும், பணமில்லாத நண்பருக்குச் சொல்லவேண்டியது நினைவுக்கு வருகிறது. ஒன்றும் வாங்காமலே தொடங்கலாம். முதல் மூன்று மாதத்துக்குத் தண்டாலும் பஸ்கியும் போதும். அதற்கு மேல் பளு வேண்டுமென்றால், மூடியுள்ள இரண்டு வாளிகளும் ஒரு லிட்டர் அளவுக்குவளையும் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரை லிட்டர் ஊற்றினால் அரைக் கிலோ ஏறும். எங்கள் "50 கிலோ செட்" செய்ய முடியாத வேலையை அந்த வாளி செய்யும். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கால் ஆறியபிறகு என் நண்பர் மீண்டும் பயிற்சியைத் தொடங்கியது வாளியில்தான். "இதில் நீ ஆறு கிலோ ஏற்றமாட்டாய் அல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினார். நான் குவளையால் அளந்து ஊற்றினேன்.

முடிவாக, நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. இங்கே நாம் தங்குவது இரண்டு ஆண்டு, மிஞ்சினால் ஐந்து ஆண்டு. ஒவ்வொரு மே மாதமும் படிப்பை முடித்துப் போகிறவர்கள், ஆசையாய் வாங்கிய இரும்பைப் பழைய இரும்புக் கடையில் கிலோக்கணக்கில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் வருகிறவர்கள், அதையே புதிதாக, பன்மடங்கு விலைக்கு, ஏமாந்து வாங்குகிறார்கள். இரும்புக்கு வயது இல்லை. எண்ணெய்த் துணியால் துடைத்தால் அது நம் பேரன் காலத்துக்கும் இருக்கும். அப்படியிருக்க, சங்கம் புத்தகம் இரவல் தருவதுபோல் ஏன் தட்டும் இரவல் தரக் கூடாது? ஆண்டு விழாவின் அலங்கார வளைவுக்கும் பதாகைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், 20 கிலோ ராடு ஒன்று, 15 கிலோ ராடு ஒன்று, வார்ப்பிரும்புத் தட்டுகள் சில ஜோடி, திருகுப் பூட்டுகள், ரப்பர் விரிப்பு ஆகியவற்றோடு ஒரு பொதுச் செட் அமையும். அதைவிட முக்கியமாக, ஒன்றேகால் கிலோவும் அரைக் கிலோவுமாகச் சின்னத் தட்டுகள் பத்து ஜோடி சங்க அறையில் இருக்கட்டும். தம் அறையில் பெரிய தட்டு மட்டும் வைத்திருப்போர், கையெழுத்திட்டு அவற்றை எடுத்துப் போகட்டும். பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுத, மாமா வெட்டிக்கொடுத்த என் இரண்டு அரைக் கிலோத் தட்டுகளை இப்போதே தருகிறேன்.

ரயில் பெட்டியும் மோட்டார் வண்டியும் செய்கிற ஸ்ரீ சிட்டியில் வாழ்கிறோம். இங்குள்ள தொழிற்சாலைகளில் ஒரு திருகாணியின் அளவு மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஊர் மாணவர் தம் உடம்புக்கு வாங்குவதை மட்டும் அளக்காமல் வாங்கலாமா? அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் வரும்போது, "இவ்வளவு சின்னத் தட்டுக்கா இத்தனை பேச்சு?" என்று எவரேனும் எழுந்து சிரிக்கக்கூடும். அவர்களுக்கு விடை சொல்ல நான் தேவையில்லை. என் நண்பர் மேடைக்கு வருவார். சற்றுக் கவனித்தால் தெரியும், இன்னும் வலக்காலை மெல்ல ஊன்றித்தான் நடக்கிறார்.